சிறப்புப் பொருளாதார மண்டல சப்ளை: ஜிஎஸ்டி ரீஃபண்ட் சிக்கல்

ஸ்ரீபெரும்புதூரில் எங்களுடையது சின்ன சிஎன்சி பட்டறை. பக்கத்துச் சிறப்புப் பொருளாதார மண்டலத்திலுள்ள ஒரு கம்பெனிக்கு ஜனவரியிலிருந்து அலுமினிய பிராக்கெட் சப்ளை செய்கிறோம். எல்யூடி (வரி கட்டாமல் சப்ளை செய்ய ஜிஎஸ்டி துறைக்குத் தரும் உறுதிக் கடிதம்) போட்டிருப்பதால் பில்லில் வரி பூஜ்யம். ஆனால் வாங்கும் அலுமினியத்துக்கு 18 சதவீதம் கட்டுகிறோம்; அந்தப் பணம் எங்கள் ஜிஎஸ்டி கணக்கின் கிரெடிட் லெட்ஜரிலேயே முடங்கிக் கிடக்கிறது.

அதைத் திரும்பப் பெற ஆர்எஃப்டி-01 என்ற ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டால், சரக்கு மண்டலத்துக்குள் வந்ததாக மண்டல அதிகாரி கையெழுத்திட்ட பில் எங்கே என்று ஜிஎஸ்டி ஆபீஸில் கேட்கிறார்கள். கம்பெனியில் பர்ச்சேஸைக் கேட்டால் ஸ்டோர்ஸைக் கை காட்டுகிறார்கள், ஸ்டோர்ஸைக் கேட்டால் பர்ச்சேஸை. மெயில் போட்டாயிற்று, கேட்டில் நின்றும் பார்த்தாயிற்று. டெலிவரி சலான், இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஆன்லைன் சீட்டு) எல்லாம் கையில் இருக்கிறது. அது போதாது என்கிறார் ஆடிட்டர்.

கம்பெனி தராவிட்டால், சப்ளையரான நாங்களே மண்டல அதிகாரியிடம் நேரடியாக அந்த ஒப்புதலை வாங்க வழி உண்டா?