கல்யாணக் கட்டத்தில் நின்றே ஆக வேண்டுமா?

சோழிப்பை:
நேற்று 'பிள்ளைகளுக்கு லீவுக்கு என்ன ஆட்டம் வாங்கலாம்' இழையில் 'கேம் ஆஃப் லைஃப்' என்ற அமெரிக்கப் பலகை ஆட்டத்தைப் புகழ்ந்து நியூஜெர்சி அப்பா எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன். "பரமபதத்தில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? கட்டை சொன்னபடி ஏறுகிறது, இறங்குகிறது. கேம் ஆஃப் லைஃப் அப்படி இல்லை. காலேஜா வேலையா என்று எட்டு வயதிலேயே யோசிக்க வைக்கிறது. வாழ்க்கையில் முடிவெடுக்கக் கற்றுத்தரும் ஆட்டம் அது ஒன்றுதான்."

அங்கேயே பதில் போட்டிருப்பேன். ஆளாளுக்கு லைக் போட்டுக்கொண்டிருந்தார்கள், பந்தியில் எதற்குச் சத்தம் என்று தனியாக வந்துவிட்டேன்.

சார், ஒரே ஒரு கேள்வி. பிளாஸ்டிக் காரை ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். சக்கரத்தைச் சுற்றினால் 9 விழுகிறது. நாலாவது கட்டத்தில் கல்யாணம். மீதி ஐந்து எங்கே போச்சு? போகாது. அங்கே நிற்க வேண்டும். யாராக இருந்தாலும் நிற்க வேண்டும், பக்கத்து சீட்டில் வாழ்க்கைத்துணை என்று ஒரு குச்சியைச் செருகிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். எனக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த அட்டையில் வழி இருக்கிறதா? இதுதான் முடிவெடுக்கக் கற்றுத்தருகிற லட்சணமா? என் பெரியம்மாகூட இதைவிடக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்.

நியூஜெர்சி அப்பா:
என் பெயரில் இழை தொடங்கியதற்கு நன்றி. முன்பே சொல்லியிருந்தால் மாலையோடு வந்திருப்பேன்.

ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் திட்டுகிறீர்கள். தொடக்கத்திலேயே சாலை இரண்டாகப் பிரிகிறது. நேரே வேலைக்குப் போனால் சீக்கிரம் சம்பளம். காலேஜ் வழி சுற்று, ஆனால் பின்னால் சம்பளம் பெரிது. அப்புறம் காப்பீடு எடுக்கலாமா, பங்கு வாங்கலாமா என்று வரிசையாக வரும். எங்கள் வீட்டில் பழைய பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் வீடு தீப்பிடிக்கும் கட்டத்தில் என் பையன் மாட்டினான், காப்பீடு எடுக்கவில்லை, ஒரே அழுகை. அடுத்த ஆட்டத்தில் முதல் வேலையாகக் காப்பீடு வாங்கினான். இது கற்றல் இல்லையா? பரமபதத்தில் பாம்புக்குக் காப்பீடு உண்டா?

சோழிப்பை:
பாம்பை அப்புறம் பார்ப்போம். கல்யாணக் கட்டத்தில் நிற்க வேண்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நியூஜெர்சி அப்பா:
நிற்க வேண்டும். அதற்கென்ன இப்போது?

சோழிப்பை:
அதற்கென்னவாம்! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன், பிறகு திருத்தினாலும் பயனில்லை.

திண்ணை:
நீங்கள் இருவரும் 1960ல் வந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறீர்கள். அதற்கு நூறு வயது மூத்தது ஒன்று உண்டு.

மில்டன் பிராட்லி, மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் கல்லச்சுக்கூடம் நடத்தியவர். 1860ல் லிங்கன் படத்தை அச்சடித்து விற்றார். நன்றாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து லிங்கன் தாடி வளர்த்துவிட்டார். படத்தில் மழுமழுவென்று சவரம் செய்த முகம், யார் வாங்குவார்கள்? தொழில் படுத்த நேரத்தில் பிராட்லியைத் தூக்கிவிட்டது 'செக்கர்டு கேம் ஆஃப் லைஃப்'. முதல் வருடத்திலேயே 40,000க்கு மேல் விற்றது. சதுரங்கப் பலகை மாதிரி 64 கட்டம். ஒரு மூலையில் குழந்தைப் பருவம், எதிர் மூலையில் மகிழ்ச்சியான முதுமை. பள்ளியில் விழுந்தால் கல்லூரிக்குப் போகலாம், சோம்பலில் விழுந்தால் அவமானத்துக்கு, சூதாட்டத்தில் விழுந்தால் நாசத்துக்கு. 100 புள்ளி சேர்த்தவருக்கு வெற்றி.

கவனிக்க வேண்டியது இதுதான். அதில் எண் விழுந்தாலும் எந்தப் பக்கம் போவது என்பது ஆடுகிறவர் கையில். 1 விழுந்தால் மேலேயோ கீழேயோ ஒரு கட்டம், 2 விழுந்தால் இடமோ வலமோ, 3 என்றால் குறுக்கே. ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். 1960 ஆட்டத்திலோ போட்டு வைத்த சாலைதான், எண் எத்தனையோ அத்தனை கட்டம். அதனால் 'தேர்வு' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்...

சோழிப்பை:
ஐயா, நான் சொல்ல வந்ததைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். 1860ல் கல்யாணக் கட்டத்தை ஒதுங்கிப் போகலாம், 1960ல் முடியாது. நூறு வருடத்தில் அமெரிக்கா முன்னேறிய லட்சணம் இது.

காலேஜ் வழியைப் பற்றியும் சொல்கிறேன், அதைத்தானே கிரீடம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறார். காலேஜ் போவது நீங்கள். டாக்டர் ஆவதா, வக்கீல் ஆவதா, வெறும் பட்டத்தோடு வெளியே வருவதா என்று சொல்வது யார்? சக்கரம். 1 முதல் 10 வரை எண் போட்ட பிளாஸ்டிக் சக்கரம். பிள்ளை பிறப்பது, இரட்டைப் பிள்ளை பிறப்பது எல்லாம் அதுதான். கடைசியில் தோற்கிறவர் இருப்பதையெல்லாம் ஒரே எண்ணில் கட்டிச் சுற்றலாம். விழுந்தால் கோடீஸ்வரர், விழாவிட்டால் 1960 அட்டைப்படி போக்கற்றவர்களை வைக்கும் ஏழைகள் பண்ணை. குடும்ப ஆட்டமாம்! ரேஸ் கோர்ஸில்கூட வாசலில் எச்சரிக்கை எழுதி வைப்பார்கள்.

பரமபதம் உன்னிடம் பொய் சொல்லவில்லை. கட்டையை உருட்டு, விழுந்ததை வாங்கிக்கொள் என்கிறது. இது முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டுக் கல்யாணக் கட்டத்தில் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

வேம்பு:
சோழிப்பை சார், கல்யாணக் கட்டத்தைப் பற்றி இத்தனை பதிவு போட்டுவிட்டீர்கள், உங்களுக்கு ஆகி எத்தனை வருடம்?

எனக்கு 38. ஆகவில்லை. போன விடுமுறையில் அண்ணன் பெண்ணோடு ஆடினேன். அந்தக் கட்டம் வந்ததும் அவள் மாப்பிள்ளை என்று ஒரு நீலக் குச்சியை எடுத்து என் காரில் செருகினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துப் பெட்டியில் போட்டாள். விதியை அவளே மாற்றிவிட்டாள். எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

சோழிப்பை:
மேடம், விதியை மாற்றித்தான் ஆட வேண்டியிருந்தது என்றால் விதி தப்பு என்றுதானே அர்த்தம்? நன்றி. நீங்களும் என் பக்கம்.

வேம்பு:
நான் யார் பக்கமும் இல்லை. என்னைச் சேர்க்காதீர்கள்.

நியூஜெர்சி அப்பா:
2007ல் ஒரு பதிப்பு வந்தது. படிப்பு, வாழ்வு, காதல், சம்பாத்தியம் என்று நாலு பகுதி, விருப்பம்போல் சுற்றலாம். காகிதப் பணம் கிடையாது, விசா அட்டை. சும்மா கல்யாணம் கல்யாணம் என்று புலம்பாமல் அதையும் பாருங்கள்.

சோழிப்பை:
அது வேறு ஆட்டம். நேற்று நீங்கள் புகழ்ந்தது தீக் காப்பீடு உள்ள பழைய பெட்டி. சந்து கிடைத்தவுடன் பெட்டியை மாற்றுகிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளை கையில் விசா அட்டையைக் கொடுத்ததை வேறு பெருமையாகச் சொல்கிறீர்கள், அது உங்கள் இஷ்டம். பழைய பெட்டியில் கல்யாணக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

பம்பரக்கண்:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிராட்லி நம் பரமபதத்தைத்தான் திருடினார். நல்லது செய்தால் மேலே, கெட்டது செய்தால் கீழே. அப்பட்டமாகத் தெரிகிறது. ஏணியை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

திண்ணை:
தம்பி, நம் பாம்பும் ஏணியும் இங்கிலாந்துக் கடைகளுக்குப் போனதே 1890களில். அமெரிக்காவில் பிராட்லியின் நிறுவனம் அதைச் சறுக்குமரம் ஆக்கி விற்றது 1943ல். 1860ல் அவருக்கு முன்னால் இருந்தது 'மேன்ஷன் ஆஃப் ஹேப்பினெஸ்' என்ற பலகை ஆட்டம். அது இங்கிலாந்தில் பிறந்தது, 1843ல் சேலத்தில் அச்சானது. நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்.

பம்பரக்கண்:
சேலம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

திண்ணை:
நான் காபி குடித்துவிட்டு வருகிறேன்.

பம்பரக்கண்:
காபி குடியுங்கள். பிராட்லி தாயக்கட்டையே போடவில்லையாம். பகடை என்றால் சூதாட்டம் என்று ஊர் பேசும் என்பதால் ஆறு பக்கத்தில் எண் எழுதிய சின்னப் பம்பரம் வைத்தாராம். உருட்டினால் பாவம், சுற்றினால் புண்ணியம்! நம்மிடம் எடுத்ததை மறைக்கத்தான் கட்டையை மாற்றினார் என்கிறேன். யாரும் பதில் சொல்லவில்லை.

ஒசாகா தமிழன்:
இங்கே ஜப்பானில் இந்த ஆட்டம் 1968 முதல் விற்கிறது. 'ஜின்செய் கேம்' என்று சொன்னால் தெரியாத வீடு கிடையாது. ஆனால் ஆட்டத்தை உருவாக்கியவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. 1960 ஆட்டம் ரூபன் கிளேமருடையது.

ஈரோட்டுக்காரன்:
யார் சொன்னது? பலகையில் நின்ற மலையும் பாலமும் சக்கரமும் பில் மார்க்கம் செய்த மாதிரியில் இருந்தவை. யோசனை சொன்னவருக்குப் பெயரும் காசும், கையால் செய்தவருக்கு நாமம். நம் ஊர் மேஸ்திரி கதைதான்.

ஒசாகா தமிழன்:
மார்க்கம் குடும்பம் உரிமை கேட்டு, ஆட்டத்தை இப்போது விற்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. கிளேமர் சொல்லி, கிளேமர் செலவை ஏற்று நடந்த வேலை என்று முடிவு. 2022ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை. முடிந்த கதை.

ஈரோட்டுக்காரன்:
சட்டப்படி முடிந்தது. செய்தவன் யார் என்று கேட்டால் இன்றைக்கும் மார்க்கம்தான் என்பேன்.

சோழிப்பை:
யார் செய்தால் என்ன? கல்யாணக் கட்டத்தில் நிறுத்தியது கிளேமரா, மார்க்கமா? அதைச் சொல்லுங்கள், அவர் பெயரை எழுதி வைக்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:
அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டாயம் கட்டாயம் என்று குதிக்கிறீர்களே, நம் தாயத்தில் தாயம் விழாமல் காய் இறங்குமா? ஒரு வெட்டாவது வெட்டாமல் உள் கட்டத்துக்குப் போக முடியுமா? அது மட்டும் கட்டாயம் இல்லையா?

சோழிப்பை:
தம்பி, தாயத்தை இதோடு சேர்க்காதே. தாயத்தில் ஆறு காய் இறக்கிவிட்டால் எதை நகர்த்துவது, வெட்டுப்படாத மலைக் கட்டத்தில் உட்கார்வதா, வெட்டப் போவதா எல்லாம் நம் மூளை. 5 விழுந்தால் இதுதான் நகர வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. உண்மையில் முடிவெடுக்கக் கற்றுத்தரும் ஆட்டம் தாயம். நியூஜெர்சிக்காரர் பரமபதத்தை மட்டும் எடுத்துப் பேசியதே தந்திரம்.

அப்புறம், வெட்டாமல் உள்ளே போகக்கூடாது என்பது உங்கள் ஊர் விதி. எங்கள் பாட்டி அப்படி ஆடியதே இல்லை.

ஈரோட்டுக்காரன்:
அப்படியென்றால் உங்கள் பாட்டி ஆடியது தாயம் இல்லை.

சோழிப்பை:
என் பாட்டியை இழுக்காதே. கேரம் இழையிலும் இதே வேலைதான் செய்தாய். ரெட் எடுத்தால் ஃபாலோ வேண்டும் என்று மூன்று நாள் மாரடித்தாய்.

ஈரோட்டுக்காரன்:
வேண்டும்தான். ஃபாலோ இல்லாமல் ரெட் போட்டுவிட்டு ஜெயித்ததாக எழுதிக்கொண்டவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

வேம்பு:
தாயத்தில் இரண்டு கட்டையும் பூஜ்யம் விழுந்தால் 12 கணக்கா, இல்லையா? எங்கள் வீட்டில் இதற்காகவே இரண்டு சித்தப்பாக்கள் பேசாமல் இருந்தார்கள். சும்மா கேட்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:
12. அதில் என்ன சந்தேகம்? மறுபடி உருட்டலாம்.

சோழிப்பை:
12தான். இதில் மட்டும் ஒத்துப்போகிறேன் என்று நினைத்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

மட்டுறுத்துநர்:
பாட்டி, வயது, கல்யாணம் ஆனதா இல்லையா, இவை தனிப்பட்ட விஷயங்கள். இனி நீக்கப்படும். தலைப்பில் பேசவும்.

சோழிப்பை:
தலைப்பே கல்யாணம்தான் மட்டுறுத்துநரே.

நியூஜெர்சி அப்பா:
நேற்று இரவு மறுபடி ஆடினோம். என் பெண் வேண்டுமென்றே வேலை வழியில் போனாள். கேட்டால், "காலேஜ் போன நீங்கள் எப்போதும் லேப்டாப்பில்தானே இருக்கிறீர்கள்" என்கிறாள். முடிவெடுத்தாளா இல்லையா? சோழிப்பை இதற்குப் பதில் சொல்லட்டும்.

சோழிப்பை:
கெட்டிக்காரப் பெண். கல்யாணக் கட்டத்தில் நின்றாளா?

நியூஜெர்சி அப்பா:
அதற்குள் தூங்கிவிட்டாள்.

சோழிப்பை:
அப்படியென்றால் பாதி ஆட்டத்தைக் கொண்டுவந்து ஆதாரம் என்கிறீர்கள். நாளைக்கு முழுதும் ஆடிவிட்டு வாருங்கள், அந்தக் கட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எழுதுங்கள்.

பம்பரக்கண்:
சேலம் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நியூஜெர்சி அப்பா:
சக்கரம் கழன்று கழன்று வருகிறது. பழைய பெட்டிக்குச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா? சோழிப்பையைத் தவிர வேறு யாராவது சொல்லுங்கள்.

சோழிப்பை:
கட்டையை உருட்டுங்கள், எங்கள் வீட்டில் இரண்டு ஜோடி சும்மா கிடக்கிறது. மட்டுறுத்துநரே, இழையைப் பூட்டிவிடாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து ஈரோட்டுக்காரனுக்கு ஃபாலோ விஷயத்தைச் சொல்ல வேண்டும்.