ஃபயர் வண்டி வந்தும் ஏன் உடனே தண்ணி அடிக்கல? நேர்ல பார்த்தவங்க அனுபவத்தை எழுதுங்க

வேலாயுதம்பாளையத்தான்:

அறுப்பு முடிஞ்ச சமயம்ங்க, வைக்கோல் கட்டு உசரமா ஏத்திட்டு வந்த லாரி ஒண்ணு எங்க தோட்டத்துக்கு முன்னாடி தாழ்வா தொங்கிட்டிருந்த கரண்ட் கம்பில உரசி பத்திக்கிச்சு. டிரைவர் தைரியமான ஆளு, வீடுங்களுக்கு நடுவுல நிறுத்தாம அப்படியே எரிய எரிய ஓட்டிட்டுப் போயி ஊருக்கு வெளிய தரிசுக் காட்டுல நிறுத்திட்டு குதிச்சுட்டாரு. கொஞ்ச நேரத்துல ஃபயர் வண்டி வந்துருச்சு, ஊரே நின்னு "அடிங்க அடிங்க"ன்னு கத்துது, ஆனா அந்த நிலைய அலுவலர் தண்ணிய திறக்க விடலைங்க. மொதல்ல அவரு கேட்டது அறுந்து கிடக்குற கம்பில லைன் ஆஃப் பண்ணியாச்சான்னு, ஈபி ஆளுகிட்ட போன்ல அவரே பேசி உறுதி பண்ணிக்கிட்டாரு. அடுத்தது இங்க ஜேசிபி யாருகிட்ட இருக்குன்னு கேட்டாரு. அப்புறம் பக்கத்துல கிணத்துல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு கேட்டாரு. கூட்டத்துல ஒருத்தரு பொறுக்கமாட்டாம வாய்க்கு வந்தபடி பேசிட்டாரு, அவரு திரும்பிக்கூட பார்க்கல.

ஜேசிபி வந்து மேல்கட்டை இழுத்துக் கீழ போட்டதும்தான் எங்களுக்கு விஷயமே புரிஞ்சுது. வெளிய கருகி அணைஞ்ச மாதிரி தெரியுது, உள்ள செக்கச்செவேல்னு கங்கு. மேல எவ்வளவு ஊத்துனாலும் தண்ணி வழிஞ்சு ஓடிருமே தவிர உள்ள எறங்காது. ஒவ்வொரு கட்டா இழுத்து, பிரிச்சு, நனைச்சு, மறுபடி பிரிச்சு நனைச்சாங்க. வண்டில இருக்குறது 4500 லிட்டர்தானாம், ஒரே ஹோஸ்ல விடாம அடிச்சாலும் பத்து நிமிஷம் போலதான் நிக்கும்னு ஒரு ஃபயர்மேன் சொன்னாரு. வந்த வேகத்துல அதை அடிச்சு தீர்த்திருந்தா லாரியும் போயிருக்கும் தண்ணியும் போயிருக்கும். எங்க கிணத்துல சக்‌ஷன் ஹோஸ் எறக்கி தண்ணி எடுத்து எடுத்து சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தாங்க. லாரியோட கேபினும் இஞ்சினும் தப்பிச்சுது.

அவங்க ஏன் நிக்கிறாங்க, என்ன யோசிக்கிறாங்கன்னு நம்ம ஜனத்துக்கு தெரியவே இல்லைங்க, அதான் இதை எழுதுறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க.

போரூர் கீதா:

எங்க ஃப்ளாட்ல தண்ணியே அடிக்கல, ஆனா எங்க உயிரை காப்பாத்தினது அவங்கதான். புது சிலிண்டர் மாட்டும்போது வால்வுல இருந்து உஸ்ஸுன்னு சத்தம், ரெகுலேட்டரை எடுத்தாலும் நிக்கல, வீடு பூரா நாத்தம். நான் குழந்தைங்களை கூட்டிட்டு கீழ ஓடி வந்து 101க்கு போன் போட்டேன். வந்தவங்க படியேறுறதுக்கு முன்னாடியே கேட்டது "மீட்டர் ரூம் எங்கம்மா?"ன்னுதான். கீழயே எங்க வீட்டு லைனை ஆஃப் பண்ணிட்டாங்க. மேல வீட்டுக்காரங்க யாரும் லிஃப்ட் பட்டன், காலிங் பெல், லைட் சுவிட்ச் எதையும் தொடாதீங்க, போட்டதை ஆஃப் கூட பண்ணாதீங்கன்னு ஒருத்தர் மாடி மாடியா சத்தம் போட்டுட்டே போனாரு. சுவிட்சை ஆஃப் பண்ணாலும் உள்ள ஒரு சின்ன பொறி வருமாம், கேஸ் நிறைஞ்ச ரூமுக்கு அது போதுமாம்.

அப்புறம் ஜன்னல் கதவெல்லாம் திறந்து விட்டுட்டு கீழ உக்காந்து தரையோரமா ஈரச் சாக்கை வீசி வீசி வாசப்பக்கமா காத்தை தள்ளினாங்க. எனக்கு அது விநோதமா இருந்துச்சு, கேட்டதுக்கு எல்பிஜி காத்தை விட கனம், மேல போகாது, தரையிலதான் படுத்துக் கிடக்கும், கட்டிலுக்கு அடியில, சிங்க்குக்கு கீழ தங்கிடும்னு சொன்னாரு. சிலிண்டரோட வர்ற பிளாஸ்டிக் மூடி, நூல் கட்டி தொங்குமே, அதை வால்வு மேல அழுத்தி மாட்டினதும் சத்தம் அப்படியே நின்னுடுச்சு! மொட்டை மாடிக்கு தூக்கிட்டுப் போயி சோப்புத் தண்ணி ஊத்தி குமிழி வருதான்னு பார்த்துக் காட்டினாங்க, வால்வுக்கு உள்ள இருக்குற ரப்பர் வாஷர் கிழிஞ்சிருக்கு. நிறைய பேரு அந்த மூடியை சிலிண்டர் வந்த அன்னைக்கே தூக்கிப் போட்டுடுறாங்க, தயவு செஞ்சு கையெட்டுற இடத்துல வைங்க ப்ளீஸ்.

முன்னாள் லீடிங் ஃபயர்மேன்:

கீதாம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் சர்வீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன், திருச்சி பக்கம் பல ஸ்டேஷன்ல வேலை பார்த்தேன். தாம்பரம் ட்ரெயினிங் சென்டர்ல மொத வாரமே சொல்லிக் குடுக்குறது இதுதான்: தீ எரியணும்னா எரியுற பொருள் வேணும், ஆக்சிஜன் வேணும், சூடு வேணும், இந்த மூணும் சேர்ந்து விடாம நடக்குற ரசாயன வினை வேணும், இதுல ஒண்ணை நீ அறுத்துட்டா தீ செத்துச்சு. எதை அறுக்குறதுன்னு முடிவு பண்றதுதான் வேலையே. வைக்கோல்ல சூட்டை எடுக்கணும், அதுக்குத் தண்ணி. எண்ணெய்ச் சட்டில காத்தை அடைக்கணும், மூடி போட்டா போதும். கேஸ்ல பொருள் வர்றதை நிறுத்தணும். எண்ணெய் தீயில தண்ணி ஊத்தினா தண்ணி அடியில போயி ஒரே நொடில ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணி ஆயிரத்து எழுநூறு லிட்டர் கிட்ட ஆவியா விரியும், எரியுற எண்ணெயை அள்ளி கூரைக்கும் மூஞ்சிக்கும் வீசிடும். வீட்டம்மாக்கள் கைய சுட்டுக்கிட்டு வர்ற கேஸ் நிறைய இதுதான்.

கிணத்து ரெஸ்க்யூ பத்தி சொல்லியே ஆகணும். எங்களுக்கு தீயை விட ரெஸ்க்யூ கால்தான் அதிகம், மாடு விழுந்தது, பாம்பு வந்தது, கதண்டு கூடு கட்டினது, மழைக்காலத்துல மரம் சாஞ்சதுன்னு தினம் ஒண்ணு வரும். ஆனா பாழுங்கிணறுன்னா எங்க நெஞ்சு படபடக்கும். ஒரு ஊர்ல தூர் வார எறங்கினவர் மயங்கி விழுந்துட்டாரு, அவரை தூக்க தம்பி எறங்கினாரு, அவரும் மயங்கிட்டாரு, மூணாவதா பக்கத்து வீட்டுப் பையன் கயிறை புடிச்சுட்டான், நல்ல நேரம் எங்க வண்டி சந்துல திரும்பிடுச்சு. அந்தப் பையனை இடுப்பைப் புடிச்சு இழுத்து உக்கார வைக்கத்தான் எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கு முதல் வேலையே. உள்ள விழுந்த அண்ணன் தம்பியோட அம்மா என் சட்டையை புடிச்சுக்கிட்டு "எறங்குடா, நின்னு வேடிக்கை பாக்குறியா"ன்னு கதறுறாங்க. நாங்க பிஏ செட் மாட்டிட்டு இருக்கோம், முதுகுல காத்து சிலிண்டர், மூஞ்சில மாஸ்க், மாஸ்க் ஓரத்துல விரல் விட்டு காத்து கசியுதான்னு பார்க்கணும், கேஜ்ல பிரஷர் பார்க்கணும், இடுப்புல லைஃப் லைன் கட்டணும், மேல நிக்கிறவன் கயித்தை எத்தனை தடவை இழுத்தா என்ன அர்த்தம்னு பேசிக்கணும். இதுல எதையாவது விட்டா கிணத்துக்குள்ள இன்னொரு ஆள் விழுவான், அவ்வளவுதான்.

ஊர்ல விளக்கை எறக்கிப் பார்த்தோம் அணையலன்னு சொல்லுவாங்க. விளக்கு எரிஞ்சா ஆக்சிஜன் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், விஷ வாயு இல்லைன்னு அர்த்தம் கிடையாது, மீத்தேன் இருந்தா அந்த விளக்கே வெடிக்க வெச்சுடும். கிணத்துக்குள்ள டீசல் இஞ்சினை எறக்கி தண்ணி இறைச்சாலும் அந்தப் புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு ஆளை தூக்கிடும், அதுக்கு நாத்தமும் கிடையாது. அன்னைக்கு அண்ணனை எங்களால காப்பாத்த முடியல. தம்பி பிழைச்சுட்டாரு. அந்த அம்மா அப்புறம் ஸ்டேஷனுக்கே வந்து கும்பிட்டுட்டுப் போனாங்க, எங்களுக்கு கண்ணு கலங்கிடுச்சு.

சாத்தூர் மாரி:

ஐயா சொன்னதைப் படிச்சதும் எங்க பக்கம் நடக்குறது ஞாபகம் வருது. எங்க ஊரைச் சுத்தி பட்டாசு யூனிட்டுதான், சத்தம் கேட்டாலே எந்தத் திசைன்னு ஊரே மொட்டை மாடி ஏறிப் பார்க்கும், எங்க சித்தி வேலைக்குப் போன யூனிட்டுல ஒரு தடவை தீப்பிடிச்சப்ப நாங்க ஓடுனோம். வண்டிங்க வந்து நிக்குது, உள்ள படபடன்னு வெடிச்சுட்டே இருக்கு, ஆளுங்களை ஒருத்தரையும் கிட்ட விடல. எனக்கு அப்ப வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அந்த நேரத்துல பக்கத்து ரூம் ஒண்ணு மொத்தமா கெளம்பி கல்லு எங்க தலைக்கு மேல பறந்துச்சு. அதுவரைக்கும் அவங்க சும்மா நிக்கல, பக்கத்து ஷெட்டுங்களை தூரத்துல இருந்தே தண்ணி அடிச்சு சூடேறாம பாத்துக்கிட்டு இருந்தாங்க. சித்தி பின்பக்கமா ஏற்கனவே வெளிய வந்துட்டாங்க, அது எங்களுக்கு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. வெடி அடங்கினதும் மொத ஆளா உள்ள போனது ஃபயர்மேன்தான், அவங்க தூக்கிட்டு வந்ததை எல்லாம் இங்க எழுத முடியாது அண்ணே.

எக்ஸாமுக்கு படிக்கிறேன்:

எல்லாருக்கும் வணக்கம், நான் பிளஸ் டூ முடிச்சிருக்கேன், ஃபயர்மேன் ஆகணும்னு ரொம்ப ஆசை, எங்க வீட்ல போலீஸ்னா போ, ஃபயர்னா ஆபத்துன்னு சொல்றாங்க. எப்படி சேர்றது, மேல போக வழி இருக்கா, ஐயா கொஞ்சம் சொல்லுங்களேன்.

முன்னாள் லீடிங் ஃபயர்மேன்:

தம்பி, டிஎன்யூஎஸ்ஆர்பி, அதாவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துற ஒரே தேர்வுதான், இரண்டாம் நிலை காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூணுக்கும் சேர்த்து. பத்தாவது பாஸ் போதும், தமிழ் தகுதித் தேர்வுல 40 சதவீதம் எடுக்கணும், இல்லன்னா மத்த பேப்பரை திருத்தவே மாட்டாங்க. உயரம் பொதுவா 170 செ.மீ., எஸ்சி எஸ்டிக்கு 167. மார்பு 81, மூச்சு இழுத்தா 5 செ.மீ. விரியணும். 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், இது பாஸ் ஃபெயில். அப்புறம் கயிறு ஏறுறது இருக்கு, நிறைய பசங்க ஓட்டத்துக்கு மட்டும் தயாராகிட்டு கயித்துல கோட்டை விடுறாங்க, இன்னைக்கே ஒரு வேப்பமரத்துல கயிறு கட்டு. ஒவ்வொரு அறிவிப்பையும் ஒழுங்கா படி, வயசு வரம்பு சலுகை எல்லாம் அதுல இருக்கும்.

டிகிரி முடிச்சா எஸ்ஐ தேர்வு நடத்துற அதே போர்டு நிலைய அலுவலருக்கும் ஆள் எடுக்குது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதினா நம்ம தீயணைப்புத் துறைக்கே நேரா மாவட்ட அலுவலரா வரலாம். மாநிலத்துக்கு வெளிய பார்த்தா சிஐஎஸ்எஃப்ல, அதாவது மத்திய தொழில் பாதுகாப்புப் படையில கான்ஸ்டபிள் ஃபயர் இருக்கு, பிளஸ் டூ சயின்ஸ் குரூப் வேணும், 5 கிலோமீட்டரை 24 நிமிஷத்துல ஓடணும். ஏர்போர்ட்லயும் ஃபயர் சர்வீஸ் தனியா ஆள் எடுக்குறாங்க, அங்க ஹெவி லைசென்ஸ் ரொம்ப முக்கியம். நாக்பூர்ல மத்திய அரசோட தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கு, அங்க ஃபயர் இன்ஜினியரிங் டிகிரி படிக்கலாம். தெருவுக்குத் தெரு "ஃபயர் அண்ட் சேஃப்டி, உடனே வேலை"ன்னு போர்டு போட்டிருக்குற இடத்துல பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த சர்டிஃபிகேட்டை யாரு ஏத்துக்குறாங்கன்னு விசாரி. எங்க ஸ்டேஷனுக்கு வந்து அழுத பசங்களை பார்த்திருக்கேன்.

வீட்ல பயப்படுறதுல தப்பே இல்லப்பா. ஏப்ரல் 14 நாங்க எல்லா ஸ்டேஷன்லயும் மவுனமா நிப்போம், 1944ல பம்பாய் துறைமுகத்துல ஃபோர்ட் ஸ்டிக்கின்னு ஒரு கப்பல், பஞ்சும் வெடிமருந்தும் ஒண்ணா ஏத்தினது, எரிஞ்சு வெடிச்சதுல 66 தீயணைப்பு வீரர்கள் செத்தாங்க. நம்ம மதுரைல 2020 தீபாவளி அன்னைக்கு துணிக்கடை கட்டடம் இடிஞ்சு விழுந்து ரெண்டு பேரை இழந்தோம். இதை மறைச்சு உன்னை வா வான்னு கூப்பிட மாட்டேன். ஆனா நின்னு பார்த்து, யோசிச்சு உள்ள போறவன் திரும்பி வருவான், அவசரப்படுறவனைத்தான் நாங்க ட்ரில்லுல திரும்பத் திரும்ப ஓட விடுவோம்.

இன்னொண்ணு, வேலைன்னா அணைக்கிறது மட்டும் இல்ல. 2004ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 பிள்ளைங்க போனாங்களே, சமையல்கட்டுல பிடிச்ச தீ கீத்துக் கூரைக்கு ஏறிடுச்சு, அந்த மாதிரி தீக்கு அணைக்கிறதுக்கு நேரமே கிடையாது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடைன்னு போயி வழி அடைச்சு மூட்டை வெச்சிருக்காங்களா, ரெண்டாவது படிக்கட்டு பூட்டி இருக்கான்னு பார்க்குறதும் நம்ம வேலைதான். அங்க கெட்ட பேரு வாங்கத் தயாரா இருக்கணும்.

போரூர் கீதா:

ஐயா, பொண்ணுங்க வரலாமா? என் பொண்ணு பத்தாவது படிக்கிறா, அன்னைக்கு சாக்கு வீசினதை பார்த்ததுல இருந்து இதே பேச்சுதான்.

முன்னாள் லீடிங் ஃபயர்மேன்:

அதிகாரியா வந்திருக்காங்கம்மா. மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் ரெண்டு பேரும் 2003ல நம்ம துறையில அதிகாரியா சேர்ந்தவங்க, ரெண்டு பேரும் குரூப் 1 எழுதி வந்தவங்கதான். 2012 ஜனவரில சேப்பாக்கம் எழிலகம் அரசு அலுவலக வளாகத்துல கலஸ் மஹால் கட்டடம் எரிஞ்சப்ப பிரியா மேடம் உள்ள நின்னு பலமா காயம் பட்டாங்க, அந்தத் தீயிலதான் ஒரு லீடிங் ஃபயர்மேன் உயிரை விட்டாரு. பாப்பா டிகிரி முடிக்கட்டும், குரூப் 1க்கு இப்பவே பேப்பர் படிக்கிற பழக்கம் வரட்டும், நீச்சலும் கத்துக் குடுங்க.

வேலாயுதம்பாளையத்தான்:

ஐயா, கடைசியா ஒண்ணு, போன் பண்ணும்போது நாங்க என்ன சொன்னா உங்களுக்கு உபயோகமா இருக்கும்? அன்னைக்கு ஆளாளுக்கு கூப்பிட்டு "சீக்கிரம் வாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டோம்ங்க.

முன்னாள் லீடிங் ஃபயர்மேன்:

101 இல்லன்னா 112. எது எரியுதுன்னு சொல்லுங்க, வைக்கோலா கேஸா கெமிக்கலான்னு. உள்ள ஆளு மாட்டிருக்கா இல்லையா. ஊர் பேரோட பக்கத்துல இருக்குற கோயில், டாஸ்மாக், பெட்ரோல் பங்க் ஏதாவது அடையாளம் சொல்லுங்க, சந்து எவ்வளவு அகலம், பெரிய வண்டி நுழையுமான்னு சொல்லுங்க. நாங்களா போதும்னு சொல்ற வரைக்கும் போனை வைக்காதீங்க, வெச்ச பிறகும் அந்த நம்பருக்குத்தான் வழி கேட்டு திரும்பக் கூப்பிடுவோம். ஒரு ஆளை மெயின் ரோட்டு முக்குல நிக்க வைங்க, ராத்திரின்னா கையில டார்ச்சோட. ரோட்டோரம் நிக்குற பைக்கை எல்லாம் நகத்தச் சொல்லி அவர்கிட்டயே பொறுப்பைக் குடுத்துடுங்க.