புதுப்பிப்பு: வீட்டுப் பாட்டு ஊரில் இருக்கும் அம்மா போனுக்குப் போய்ச் சேர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் நாவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருள் வைத்து ஓட்டும் பாடல்களை, ரவுட்டரில் அதன் 4533 போர்ட்டை (வெளியிலிருந்து நுழையும் வாசல்) திறந்துவிடாமல், ஊரில் அம்மாவிடம் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் எப்படிக் கேட்பது என்று. வழி கிடைத்துவிட்டது.

முதலில் வயர்கார்டு என்ற விபிஎன் (இரு கருவிகளுக்கு இடையே தனிப்பாதை போடும் மென்பொருள்) போட்டேன். வீட்டு வைஃபையில் ஓடியது, வெளியே போனால் இணையவே இல்லை. இரண்டு நாள் கான்ஃபிக் கோப்பையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ரவுட்டரின் வெளி முகவரியே 100.72 என்று தொடங்குகிறது! அது பொது ஐபி (இணையத்தில் நேரடியாக எட்டக்கூடிய முகவரி) அல்ல. அதாவது, இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. நான் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. டெயில்ஸ்கேல் என்ற இன்னொரு விபிஎன் சேவைக்கு மாறினேன்; இரு முனைகளும் உள்ளிருந்தே இணைப்பைத் தொடங்குவதால் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு அடியில் இருப்பதும் வயர்கார்டுதான்.

அப்புறம் டேட்டா. ஃபிளாக் கோப்பை (தரம் குறையாத, பெரிய ஒலிக்கோப்பு) அப்படியே அனுப்பினால் திக்கித் திக்கிப் பாடியது. அந்த போனுக்கு மட்டும் 96 கேபிபிஎஸ் ஓப்பஸாக (சுருக்கிய ஒலி வடிவம்) மாற்றி அனுப்பும்படி நாவிட்ரோமில் அமைத்தேன். மணிக்கு ஏறத்தாழ 43 எம்பி. அந்த ஸ்பீக்கருக்கு இதுவே அதிகம்.

பேட்டரி சேமிப்பு டெயில்ஸ்கேலை அவ்வப்போது நிறுத்திவிடுகிறது. அதற்கு விலக்கு கொடுக்க அடுத்த முறை ஊருக்குப் போக வேண்டும்.