வரிச் சலுகை இருந்தும் சந்தைக்குள் நுழைய முடியாதது ஏன்? ஏற்றுமதித் துறையினர் உதவுங்கள்

நண்பர்களே, வளரும் நாடுகளின் சந்தை வாய்ப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து வரும் பொருள்களில் குறைந்தது 97% இனங்களை வரியும் அளவுக் கட்டுப்பாடும் இல்லாமல் அனுமதிப்பதாக, 2005 ஹாங்காங் உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் வளர்ந்த நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் அந்த ஏழை நாடுகள் விற்பதே சில பொருள்களைத்தான். ஆயத்த ஆடை போன்ற முக்கியமானவை மீதி 3 சதவீதத்துக்குள் போய்விட்டால் சலுகையால் என்ன பயன்? எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, வரியே இல்லையென்றாலும் தோற்றச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று), பூச்சிக்கொல்லி எச்ச வரம்பு, ஆய்வகப் பரிசோதனை எல்லாம் இருக்கின்றன. சிறு ஏற்றுமதியாளருக்கு இவற்றில் எது அதிகச் செலவு வைக்கிறது? ஆவண வேலைக்கு அஞ்சி, சலுகையை விட்டுவிட்டு முழு வரியையே கட்டியவர்கள் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.