கிரீப்: தொய்வா, தளர்வா, ஊர்வா?

> ‘தொய்வு’ என்றால் காசிமேட்டில் எல்லாருக்கும் புரியும். மாறாத சுமையில் பொருள் மெல்ல மெல்ல நீள்வதைச் சொல்லும் கிரீப்புக்கு (creep) தமிழில் அதையே வைக்கலாமே?

வணக்கம் ஐயா,

மீன்பிடித் துறைமுகத்துப் பேச்சிலிருந்து சொல் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் முழு உடன்பாடு. ஆனால் கயிறு தொய்ந்தது என்றால் விறைப்புப் போய்விட்டது என்று பொருள். கிரீப் சோதனையில் விறைப்பு போவதே இல்லை. பாலிபுரொப்பிலீன் இழையில் எடையைத் தொங்கவிடுகிறோம். தகைவு (ஓரலகு பரப்பில் தாங்கும் விசை) அப்படியே நிற்கிறது, திரிபு (தொடக்க நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி) மட்டும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் கூடிக்கொண்டே போகிறது. இந்த மெல்லிய நகர்வுக்கு ‘ஊர்வு’ என்பதே பொருத்தம். வெப்பநிலையையும் மாறாமல் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காயும் கயிறும் குளிரூட்டிய அறையில் தொங்கும் கயிறும் ஒரே வேகத்தில் ஊராது.

கிரீப்புக்குத் தண்டையார்பேட்டை அம்மா சொன்ன ‘தளர்வு’ அருமையான சொல். அதை இங்கே செலவழித்துவிட வேண்டாம். நீளத்தை மாறாமல் பிடித்துவைத்து, தகைவு குறைவதை அளக்கும் சோதனை தனியாக இருக்கிறது. தளர்வு அதற்கு உரியது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் கணக்கிலேயே தடுமாறுவார். இப்படிப்பட்ட பொருளைச் சுருள்வில்லாகவும் தணிப்பானாகவும் (பாகுபோல் மெல்ல நகரவிடும் உறுப்பு) பாவித்துக் கணக்கிடுவார்கள். ஊர்வுக்கான கெல்வின்–வோய்ட் மாதிரியில் இவை பக்க இணைப்பில் இருக்கும். திரிபு தன் இறுதி அளவில் சுமார் 63 விழுக்காட்டை எட்டும் நேரத்தைப் ‘பிந்தல் காலம்’ எனலாம். தளர்வுக்கான மாக்ஸ்வெல் மாதிரியில் அவை தொடர் இணைப்பில். தகைவு தொடக்க அளவில் சுமார் 37 விழுக்காடாக இறங்கும் நேரம் ‘தளர்வுக் காலம்’.

எடையை எடுத்ததும் நடப்பதைப் பாருங்கள். உடனே நீண்டது உடனே மீள்கிறது. பிந்தி நீண்டது பிந்தி மீள்கிறது. பாகாய் ஓடியது திரும்புவதே இல்லை. ஆகவே பாகுபோல் ஓடுவதும் வில்போல் மீள்வதும் கலந்த இந்தப் பண்புக்குப் (viscoelasticity) ‘பாகுமீட்சி’ என்ற பெயரை நான் விடமாட்டேன்.

திரிபைத் தகைவால் வகுத்து வருவதற்கு ‘இணங்குமை’ என்கிறேன். ‘நெகிழ்மை’ வேண்டாம், நெகிழி என்று பிளாஸ்டிக்குக்குப் பெயர் நிலைத்துவிட்டது. எடையை இரட்டித்தும் இணங்குமை வரைகோடு மாறவில்லை என்றால், பொருள் நேரியல் எல்லைக்குள் இருக்கிறது. தனித்தனி எடைகளின் விளைவுகளைக் கூட்டிக் கணக்கிடும் போல்ட்ஸ்மனின் மேற்பொருந்துதலைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

எடை எடுத்தபின் சுருங்குவதை ‘மீள்ஊர்வு’ என்று வைப்போமா?

ராயபுரத்திலிருந்து

—

> ‘மீள்ஊர்வு’ என்று வைப்போமா?

வணக்கம். தளர்வை உங்கள் சோதனைக்கே விட்டுத்தருகிறேன். ஆனால் ‘மீள்ஊர்வு’ என்றால் மறுபடியும் நீள்கிறது என்றுதான் படிப்பார்கள். ‘ஊர்வு மீட்சி’ என்றே எழுதுவோம். பிந்தல் காலமும் இணங்குமையும் எனக்குச் சம்மதம்.

தண்டையார்பேட்டையிலிருந்து