கருகரு முடிக்கு வீட்டுலயே மயில் கழுத்து கலர் போட முடியுமா?

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 21 வயசு, ஊரு பாளையங்கோட்டை. கடைசி செமஸ்டர் முடிஞ்சிருச்சு, வேலையில சேர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஒரு தடவையாவது முடிக்குக் கலர் போட்டுப் பாத்துரணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்க அம்மாவோட கல்யாணப் பட்டு மயில் கழுத்து கலர். வெயில்ல திருப்புனா நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கும். அதே நிறம்தான் வேணும்.

முடி இடுப்பு வரைக்கும் இருக்கு, நல்ல கருப்பு. பார்லர்ல கேட்டேன், அவங்க சொன்ன ரேட்டுக்கு என்கிட்ட காசு இல்ல. ஆன்லைன்ல நீலக் கலர் க்ரீம் டப்பா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். ப்ளீச் பண்ணாம அப்படியே போட்டா நிறம் தெரியுமா? இன்னொண்ணும் சொல்லணும். முன்பக்கமும் உச்சியிலயும் இளநரை இருக்குன்னு ஆச்சி ரெண்டு வருசமா பாக்கெட் மருதாணியும் அவுரிப்பொடியும் போட்டு விட்டாங்க. அதனால ஏதும் பிரச்சினை வருமா? செஞ்சவங்க சொல்லுங்க.

கோவைத்தம்பி:
ப்ளீச் இல்லாம நம்ம முடியில நீலம் தெரியாதுங்க. நான் முதல்ல அப்படித்தான் போட்டேன். வெயில்ல நின்னா லேசா ஒரு நீல மினுமினுப்பு, அவ்வளவுதான். அப்புறம் நெத்தி முடியை மட்டும் ஒரு தடவை ப்ளீச் பண்ணி சிவப்பு போட்டேன். ஆரஞ்சு மேல சிவப்பு சூப்பரா ஏறுச்சுங்க. ஆனா மூணு வாரத்துல சாயம் இறங்கி இளஞ்சிவப்பா ஆயிருச்சு. தலகாணி உறை, சட்டைக் காலர் எல்லாம் கறை. சீக்கிரம் முடியணும்னா சிவப்புக்கே போயிருங்க.

மதுரை பார்லர் அக்கா:
தங்கச்சி, அந்த டப்பாவை இன்னும் திறக்காத. ஆறு வருசம் பார்லர்ல நின்னவ சொல்றேன், பொறுமையா படி.

நம்ம முடிக்குப் பளிச்சுனு கலர் வரணும்னா சாயம் கடைசி வேலைதான். உள்ள இருக்கிற கருப்பை எடுக்கிறதுதான் பெரிய வேலை. கருப்புத் துணியில மஞ்சத் தண்ணி தெளிச்சா தெரியுமா? அது மாதிரிதான் இதுவும். ப்ளீச் போட்டா கருப்பு நேரா வெள்ளையாகாது. முதல்ல செம்பட்டை, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், அதுக்கப்புறம் வெளிர்மஞ்சள். இந்தப் படிகள்ல நீ எங்க நிறுத்துறியோ அதுதான் உன் கலரை முடிவு பண்ணும். கோவைத்தம்பிக்கு ஆரஞ்சுல சிவப்பு நல்லா வந்துச்சு, சரி. ஆனா ஆரஞ்சு மேல நீலம் போட்டா ரெண்டும் ஒண்ண ஒண்ணு அமுக்கி, குட்டைத் தண்ணி மாதிரி கலங்கலா நிக்கும். மஞ்சள் வரைக்கும் போயிட்டா கதையே வேற. மஞ்சள் மேல நீலம் விழுந்தா பச்சை கலந்த நீலமாத்தான் வரும். மத்தவங்க அதைப் பாத்து அழுவாங்க. நீ கேக்குறதே மயில் கழுத்து, அதனால வெள்ளை வரைக்கும் போக வேண்டியதில்ல. அந்த மட்டுக்கும் முடிக்கு வேதனை குறையும்.

இப்ப ஆச்சியோட மருதாணிக்கு வர்றேன். நல்ல மருதாணி இலைப்பொடி தன்னால கெடுதல் இல்ல, ஆனா அந்தச் சிவப்பு முடியை விட்டுப் போகாது. அவுரி போட்ட முடியை ப்ளீச் பண்ணா பல நேரம் பாசி பிடிச்ச பச்சையா நிக்கும். எல்லாத்தையும் விட மோசம், சில பாக்கெட்டுல இலையோட உலோக உப்பும் சேத்திருப்பாங்க. அது டெவலப்பர்ல, அதாவது ப்ளீச் பவுடரைக் குழைக்கிற க்ரீம்ல இருக்கிற பெராக்சைடோட சேந்தா சூடு கிளம்பும். 2018-ல என் தங்கச்சி முடியிலயே பாத்தேன். நல்ல வேளை, வெட்டி எடுத்த ஒரு கொத்துலதான் சோதிச்சேன். கிண்ணத்துல போட்ட பத்தாவது நிமிசம் கிண்ணமே கை வைக்க முடியாத சூடு, லேசா புகை. கழுவி இழுத்தா முடி நூடுல்ஸ் மாதிரி நீண்டு அறுந்துருச்சு. அது தலையில இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இன்னிக்கும் எனக்கு உடம்பு பதறுது.

அதனால உச்சி முடியைத் தொடாத. பின்கழுத்துப் பக்கம் அடியில இருக்கிற முடிக்கு ஆச்சி மருதாணி வச்சாங்களான்னு கேளு. வைக்கலைன்னா அதுதான் உன் இடம். அங்க மட்டும் கலர் பண்ணா பின்னல் போடும்போது எட்டிப் பாக்கும், வேலைக்குப் போறப்ப மேல் முடியை விட்டு மறைச்சுக்கலாம். இடுப்பு வரை இருக்கிற முழு முடியையும் வீட்டுல ஒத்தையா ஒரே சீரா ப்ளீச் பண்ணவே முடியாதும்மா. தலைச் சூட்டுக்கு வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும், நுனி பின்தங்கும். பார்லர்லயே ரெண்டு பேர் நிப்போம்.

சேலம் சுதா:
எதுக்கு இவ்வளவு சிரமம்? முகத்துக்குப் போடுற ப்ளீச் க்ரீம் வீட்டுல இருக்குமே, அதையே போடலாம்ல?

மதுரை பார்லர் அக்கா:
வேணாம் சுதா. அது பூனைமுடியை வெளுக்கிற அளவுக்குத்தான், தலைமுடிக் கருப்புக்கு ஆகாது. தங்கச்சி, உனக்கும் ஒண்ணு. மளிகைக் கடையில போய் பிளீச்சிங் பவுடர்னு கேட்டு வாங்கிறாத! அது தொட்டி கழுவுறது, தலையில படவே கூடாது. காஸ்மெட்டிக் கடையில தலைமுடிக்கான ப்ளீச் பவுடர், 20 வால்யூம் டெவலப்பர்னு கேளு. 20-ன்னா 6 சதவீதம் பெராக்சைடு. 40 வாங்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காத, அது 12 சதவீதம், வீட்டுல வச்சு விளையாடுற சாமான் இல்ல.

நெல்லைப்பொண்ணு:
அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி. ஆச்சிகிட்ட கேட்டேன், பின்கழுத்துல வச்சதே இல்லையாம். சோதிச்சுப் பாக்குறது எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க.

மதுரை பார்லர் அக்கா:
உச்சியில விழுந்த முடியைச் சீப்புல இருந்து ஒரு கொத்து எடு. பின்கழுத்துல உள்பக்கமா பென்சில் கனத்துக்கு ஒரு கொத்து வெட்டு. ரெண்டையும் நூலால கட்டு. பிளாஸ்டிக் கிண்ணம்தான், எவர்சில்வர் வேணாம். பவுடர் ஒரு பங்கு, டெவலப்பர் ரெண்டு பங்குன்னு சொல்வாங்க, உன் பாக்கெட்டுல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. ஜன்னலைத் திற, கையுறை போடு. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை துடைச்சுப் பாத்து நேரத்தை எழுதி வை. பாக்கெட்டுல போட்ட நேரத்தைத் தாண்டாத. சூடு ஏறுனா அங்கயே நிறுத்திரு.

நீலக் க்ரீமை முழங்கை மடிப்புல துளி தடவி 48 மணி நேரம் பாரு. அரிச்சா அதோட விட்டுரு.

நெல்லைப்பொண்ணு:
அக்கா, பதினெட்டு நாள் கழிச்சு வர்றேன். அரிப்பு எதுவும் இல்ல. உச்சி முடி நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு, சூடு ஏறல, ஆனா சேத்துப் பச்சையில நின்னுருச்சு. பின்கழுத்துக் கொத்து 40 நிமிசத்துல ஆரஞ்சு. அதுல பாதிக்கு நீலம் போட்டேன், குட்டைத் தண்ணியேதான்! மிச்சப் பாதியை ரெண்டு வாரம் விட்டு மறுபடி ப்ளீச் பண்ணேன். வாழைப்பழத் தோலோட மஞ்சள் வந்துச்சு, ஈரத்துல இழுத்தா நூடுல்ஸ் ஆகல. நீலம் ஒரு மணி நேரம் வச்சுக் கழுவிக் காயவச்சு, அம்மா பட்டை எடுத்து முந்தியில வச்சுப் பாத்தேன். டியூப்லைட்ல கொஞ்சம் நீலம் தூக்கலா இருக்கு. வாசல் வெயில்ல வச்சா எது நூலு எது முடின்னு தெரியல. அம்மாவே கையில வாங்கி ரெண்டு நிமிசம் பாத்துட்டு, தானே பூசி விடுறேன்னு சொல்லிட்டாங்க.

ஒரே கேள்வி. ஆச்சி வாரத்துக்கு ரெண்டு தடவை தேங்காண்ணெய் வைக்காம விட மாட்டாங்க. கலர் போயிருமா?

மதுரை பார்லர் அக்கா:
படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு தங்கச்சி, அம்மா கூட நிக்கிறது பெரிய விசயம். ப்ளீச்சுக்கு முந்துன ராத்திரி எண்ணெய் வைக்கட்டும், முடிக்கு நல்லது. ரெண்டு நாள் முன்னாடியே தலைக்கு ஊத்துறதை நிறுத்திரு, தோல் எரிச்சல் குறையும். முதல் ரவுண்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல அந்த ரெண்டு வாரத்தைத் தலையிலயும் குறைக்காத. தடவும்போது வேர்ல ஒரு விரல் அளவு விட்டு ஆரம்பிச்சு, வேரைக் கடைசியில தொடச் சொல்லு அம்மாவை. கழுத்து, காது மடல்ல வாசலைன் தடவிக்கோ.

கலர் போட்டப்புறம் அந்த அடிமுடிக்கு மட்டும் எண்ணெய் வேணாம், எண்ணெயோட சாயமும் கழண்டு வரும். ஆச்சி உச்சியில வைக்கட்டும். பச்சைத் தண்ணியில அலசு, வெந்நீர் ஆகாது. எப்படிப் பாத்தாலும் அஞ்சாறு வாரத்துல வெளிறும், டப்பாவுல மிச்சம் வச்சிரு. துண்டு பழசா ஒண்ணு தனியா எடுத்து வை. பட்டை மட்டும் பக்கத்துல வச்சுக்கிட்டு பூசாதீங்க, சாயம் பட்டுல விழுந்தா எடுக்க முடியாது.