சீர்குலைப்பான் வேண்டாம், 'இயக்குநீர்க் குழப்பி' போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலின் ஹார்மோன்களின், அதாவது இயக்குநீர்களின், வேலையைக் குலைக்கும் வேதிப்பொருள்களை ஆங்கிலத்தில் endocrine disruptor என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான்' என்ற சொல்லுக்கு ஆதரவு கூடிவருவதைப் பார்க்கிறேன். என்னால் உடன்பட முடியவில்லை. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சுரப்பியே கெட்டுப்போனது என்று படிப்பவரை நினைக்கவைக்கிறதே!

காட்பாடியில் நான் கெளுத்தி வாங்கும் அக்கா மீனின் வயிற்றைக் கீறியதும், மஞ்சளாகச் சினை பிதுங்கும். அந்தச் சினைக்கான கருவுணவுப் புரதத்தைச் செய்வது கல்லீரல். சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து சொன்னால்தான் அது வேலையைத் தொடங்கும். ஆண் மீனின் கல்லீரலுக்கும் அந்த வேலை தெரியும். ஏவ ஆளில்லாததால் சும்மா இருக்கிறது. நோனைல்பீனால் என்ற வேதிப்பொருள் நீரில் கலந்தால், செல்லில் ஹார்மோனின் செய்தியை வாங்கும் ஏற்பியில், ஈஸ்ட்ரோஜன் அமரவேண்டிய இடத்தில் அது போய் அமர்ந்துகொள்கிறது. உடனே ஆண் மீனும் முட்டைக்கான புரதத்தைச் சுரக்கிறது. கல்லீரல் தன் கடமையைத்தான் செய்கிறது. வந்த செய்திதான் பொய்.

இந்த நோனைல்பீனால் நம் வட்டாரத்துக்குத் தொலைவானதல்ல. தோலின் கொழுப்பை நீக்கப் பயன்பட்ட நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டுகள் என்ற சலவைப்பொருள்கள் சிதைந்தால் மிஞ்சுவது அதுதான். 1996இல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது எங்கள் தெருவில் உப்பையும் குரோமியத்தையும் பற்றிப் பேசினோம். நோனைல்பீனால் போன்ற பொருளுக்கு எங்களிடம் பெயரே இல்லை.

எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதையும் பாருங்கள். கனடாவின் ஒண்டாரியோவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் ஆய்வாளர்களே கலந்தார்கள். ஆண் மீன்களின் விந்தக வளர்ச்சி தடைபட்டது, சிலவற்றின் விந்தகத்தில் முட்டையணுக்கள் தோன்றின. அந்த ஏரியின் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் கூட்டம் ஏறக்குறைய அற்றே போனது.

ஆகவே 'இயக்குநீர்க் குழப்பி'. ஹார்மோன் உருவாவதையே கெடுக்கும் பொருள்களும் உண்டு. அங்கும் குழம்புவது இயக்குநீரின் அளவுதான் என்பதால் சொல் பொருந்தும். 'குழப்பி' பேச்சுவழக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பதைச் சொல்லும் மொழியில் இதைவிடப் பொருத்தமான வினை எங்கே கிடைக்கும்? 'வினையூக்கி'யை ஏற்ற நாம் இதையும் ஏற்கலாம்.

மேலே சொன்ன கருவுணவுப் புரதத்தின் ஆங்கிலப் பெயர் விட்டெல்லோஜெனின்; அதைச் 'சினைப்புரதம்' என்று எழுதிவருகிறேன். 'கருமுட்டைப் புரதம்' என்று மாற்றச் சொல்லாதீர்கள். மீன் நறுக்கும் அந்த அக்காவுக்குச் சினை என்றால்தான் புரியும்.